இன்னொருவர் செய்த வயரிங்குக்கு நான் கையெழுத்துப் போடலாமா?

உரிமம் பெற்ற ஒப்பந்ததாரராக வீட்டு வயரிங் வேலையில் 26 வருடம் ஆகிறது. இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்.

திருச்சி, புதிதாக உரிமம் எடுத்தவர்: அண்ணே, தெரிந்தவர் ஒருவர் ஒரு வீட்டுக்கு வயரிங் முடித்துவிட்டார், அவருக்கு லைசென்ஸ் இல்லை. ஈபி இணைப்புக்கு டெஸ்ட் ரிப்போர்ட் கேட்கிறார்கள். மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாமா?

போடாதே தம்பி. பழைய 1956 இந்திய மின்சார விதிகளில் 45-ஆம் விதியைப் படித்துப் பார். வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும், அதுவும் தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும். 2010-இல் வந்த ஒழுங்குமுறையிலும், அதற்குப் பதிலாக 2023-இல் வந்ததிலும் இதேதான். முடிந்துபோன வேலையை எப்படி மேற்பார்வை செய்வாய்?

500 வோல்ட் டி.சி. கொடுத்து ஒரு நிமிடம் பார்த்து, ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் வந்தால், இன்சுலேஷன் இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்று மெகர் சொல்லும். குழாய்க்குள் எத்தனை மூட்டு, என்ன அளவு வயர் என்று சொல்லாது. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் நானும் ஒரு நண்பருக்காகக் கையெழுத்துப் போட்டேன். மெகர் அருமையாகக் காட்டியது. போர்டில் தெரிந்த நுனி 2.5 சதுர மில்லிமீட்டர். நடுவில் ஒரு மூட்டுக்கு அப்பால் குழாய்க்குள் ஓடியது 1 சதுர மில்லிமீட்டர். 3 கிலோவாட் கீசர் போட்டார்கள், 13 ஆம்பியர். சில மாதத்தில் அந்த மூட்டு கருகி சுவரில் புகை வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

மதுரை: சாக்கெட்டில் செருகும் மூன்று விளக்கு டெஸ்டர் போதாதா?

அதை மட்டும் நம்பவே கூடாது. எர்த் வயர் இழுக்காமல், சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு வயரைக் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டெஸ்டர் 'சரி' என்றுதான் காட்டும். என்றைக்காவது நியூட்ரல் கழன்றால், ஓடிக்கொண்டிருக்கும் கருவி வழியாகவே பேஸ் திரும்பி வாஷிங் மெஷின் உடம்புக்கு வந்துவிடும். மெயினை அணைத்து, டிபியில் (மின்பகிர்வுப் பெட்டியில்) நியூட்ரலைப் பிரித்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். தொடர்பு காட்டினால் ஒவ்வொரு சாக்கெட்டாகத் திறந்தே ஆக வேண்டும்.

கோவை, வீட்டுக்காரர்: பாதியில் எலக்ட்ரீஷியன் போய்விட்டார். பூச்சு வேலையும் முடிந்தது. யாரும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள்.

அவர்கள் மேல் கோபப்படாதீர்கள் அம்மா, அவர்கள் செய்வது சரி. குழாய் நன்றாக இருந்தால் சுவரை உடைக்கத் தேவையில்லை. பழைய வயரை உருவிவிட்டுப் புதிதாக இழுக்கலாம். உரிமம் உள்ள ஒருவரிடம் முழுப் பொறுப்பையும் ஒப்படைத்து, டிபி, சுவிட்ச் பாக்ஸ் எல்லாவற்றையும் திறந்து, எர்த்தும் பார்க்கச் சொல்லுங்கள். செலவு கூடத்தான் செய்யும். அப்போதுதான் அவர் போடும் கையெழுத்து அவர் செய்த வேலைக்கு உரியதாக இருக்கும்.

சேலம்: ஃபேன், சுவிட்ச் மாற்றவும் உரிமம் வேண்டுமா?

பழையது இருந்த இடத்தில் அதே திறனில் மாற்றுவதற்கு விதியிலேயே விலக்கு உண்டு. புது லைன் இழுத்தால் கிடையாது.

லண்டன்: மைத்துனர் வீட்டில் புது சர்க்யூட் போட்டார். இங்கே வேறொருவர் சான்று தரலாம் என்கிறார்களே?

இங்கிலாந்தில் வீட்டு மின்வேலைக்கு 2005 முதல் 'பார்ட் பி' (Part P) விதி இருக்கிறது. பதிவு பெற்ற மூன்றாம் நபர் சான்று தரும் வழியும் உண்டு. ஆனால் வேலை தொடங்கும் முன்பே அவரை நியமித்திருக்க வேண்டும். முடிந்த பிறகு ஒருவர் தரக்கூடியது இன்றைய நிலை பற்றிய ஆய்வறிக்கைதான், அது நிறைவுச் சான்று ஆகாது. உள்ளூர் கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பேசுங்கள்.

திருச்சித் தம்பி மறுபடியும்: மறுத்தால் இன்னொருவர் போட்டுவிடுவாரே அண்ணே, பழக்கமும் போய்விடும்.

போடுவார், தெரியும். நீ வயரிங் செய்த அந்தத் தெரிந்தவரிடம் இப்படிச் சொல்: "அடுத்த வீட்டை என் பேரில் எடுப்போம், நீங்கள் என்னோடு சேர்ந்து வேலை பாருங்கள். குழாய் பதிக்கும்போதும் வயர் இழுக்கும்போதும் நான் கூட நிற்பேன், கடைசி டெஸ்டும் நானே செய்வேன்." அந்த நாட்களுக்கான கூலியை வெளிப்படையாகக் கேள். பூசுவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து வை. இந்த வீட்டுக்கு, கோவை அம்மாவுக்குச் சொன்னதையே அவரிடமும் சொல்.