பெரிய காமா கேமராவைச் சுருக்கினால் போதாதா? மார்பகப் புற்றுநோய்க்கென்று தனிக் கேமரா வடிவமைப்பதில் என்ன கஷ்டம்?

மின்னணுவியல் படிக்கும் மாணவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 'சுருக்கினால் போதாதா' என்று படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பாளையங்கோட்டையில் படித்துவிட்டு, வெளியூரில் இப்படியொரு கேமராவின் முகப்பை வடிவமைத்த குழுவில் வேலை பார்த்தவன் நான்.

உடலில் ஏற்றிய கதிரியக்க மருந்து வீசும் காமா கதிரைப் படமாக்குவதுதான் காமா கேமரா. அமெரிக்க விஞ்ஞானி ஹால் ஆங்கர் 1950களில் உருவாக்கிய முறையில், ஒரே பெரிய சோடியம் அயோடைடு படிகம். அதில் கதிர் பட்டு எழும் ஒளியை மின் சைகையாக்க, பின்னால் ஒளிபெருக்கிக் குழாய்கள். படிகத்தின் ஓரத்தில் கதிர் பட்டால் சரியாக எந்த இடம் என்று குழாய்களால் கணிக்க முடியாது. அதனால் ஓரத்தில் சில சென்டிமீட்டர் குருடு. எலும்பு ஸ்கேனுக்கு அது பொருட்டே இல்லை. மார்பகத்தில் கட்டி நெஞ்சுச் சுவரை ஒட்டி இருந்தால், அந்தக் குருட்டுப் பட்டையில்தான் போய் விழும்.

காட்மியம் துத்தநாக டெல்லுரைடு படிகம் வந்தபின் குழாய்கள் தேவையில்லை. இரண்டு மில்லிமீட்டர் அளவிலான ஒவ்வொரு கட்டமும் நேரடியாக மின் சைகை தரும்; படம் கிட்டத்தட்ட ஓரம் வரை வரும். அத்தோடு முடிந்ததா? இந்தப் படத்துக்காக ஊசியில் ஏற்றும், டெக்னீசியம் சேர்ந்த செஸ்டாமிபி அடிப்படையில் இதயத்துக்கான மருந்து. இதயமும் கல்லீரலும் அதை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் கதிரை வீசும். தடுப்பு ஈயத்தைக் குறைத்தால் அது உள்ளே புகும். கூட்டினால் ஓரம் தடித்து, மறுபடியும் நெஞ்சுச் சுவர் தப்பிவிடும். ஈயத்தைவிட அடர்த்தியான டங்ஸ்டனுக்குப் போனோம். அதை அறுப்பதற்குள் பட்டறைக்காரர் எங்களைத் திட்டித் தீர்த்துவிட்டார்.

நேராக வரும் கதிரை மட்டும் உள்ளே விடும் சல்லடைத் தகடுதான் கொலிமேட்டர். அதன் ஓட்டைகள் படிகத்தின் கட்டங்களின் மேல் அச்சாக உட்கார வேண்டும். மயிரிழை விலகினாலும் படம் முழுக்க அலையலையாக வரிகள். மருந்தில் கதிர் வீசும் டெக்னீசியம்-99எம்மின் அரை ஆயுள் 6 மணி நேரம்; அதற்குள் கதிர் பாதியாகிவிடும். பொருத்துவதிலேயே பகல் போனால், சாயங்காலம் சோதிக்கப் போதிய கதிர் மிஞ்சாது. மார்பகத்துக்குப் பதிலாக வைத்த தண்ணீர்ப் பெட்டியின் ஓரத்தில், கட்டிக்குப் பதிலாக மருந்து நிரப்பி வைத்த மிளகளவு குண்டு திரையில் கறுப்பாகத் தெரிந்த நாளில் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

ஊரில் இதையெல்லாம் யாரிடம் சொல்வது? திசையன்விளையில் ஒரு கல்யாண வீட்டில் மதினி ஒருவர், "கொழுந்தனாரே, இந்த மருந்து கூடங்குளத்திலிருந்தா வருகிறது?" என்று கேட்டார். அது மின்சாரத்துக்கான உலை, டெக்னீசியத்தைத் தரும் மாலிப்டினம் ஆராய்ச்சி உலைகளில் தயாராகிறது என்று ஆரம்பித்தேன். அவராவது கேட்டார். பக்கத்திலிருந்த மாமா, "மென்பொருள் கம்பெனி இல்லையா?" என்றவர், இல்லை என்றதும் பெங்களூரில் இருக்கும் தன் மருமகன் சம்பளத்துக்குத் தாவிவிட்டார். கையால் தொடக்கூடிய பொருளைச் செய்கிறவனுக்கு எங்கள் பக்கம் மரியாதை அவ்வளவுதான்.

மார்பக எக்ஸ்ரேயான மாமோகிராம் வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் கிளம்பிவிடாதீர்கள். முதல் பரிசோதனை அதுதான். அடர்த்தியான மார்பகத்தில் சுரப்பித் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை என்பதால் இந்தக் கேமரா துணைக்கு. இதில் மருந்தின் கதிர் உடல் முழுவதும் போகிறது என்பதையும் மறைக்கவில்லை. 20 மில்லிகியூரிக்கு (கதிரியக்க அளவு) மேல் கொடுத்த இடத்தில் 8 போதும் என்றானதற்கு, இருபுறமும் கேமரா வைத்த வடிவமைப்பும் ஒரு காரணம். வீட்டில் யாருக்காவது வேண்டிக் கேட்டிருந்தால், மாமோகிராம் அறிக்கையில் அடர்த்தி ஏ முதல் டி வரை எந்த வகை என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.