பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

அன்புள்ள அக்காவுக்கு,

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். வளைகாப்பு முடிந்து பெங்களூரிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்த நான்காம் நாள் பனிக்குடம் உடைந்துவிட்டது. முப்பதாவது வாரம். பெண் குழந்தை, 1180 கிராம். இன்குபேட்டர் பெட்டியிலும் வார்டிலுமாக 47 நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். கண் பரிசோதனை என்று ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை. தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஒரு சிஸ்டர் தற்செயலாகக் கேட்டார். 52-ஆம் நாள் மதுரைக்கு ஓடினோம். இரண்டு கண்ணிலும் லேசர் செய்தார்கள். இப்போது அவளுக்கு மூன்று வயது. கண்ணாடி போட்டுக்கொண்டு வீடெல்லாம் ஓடுகிறாள்.

நவம்பர் 17, குறைமாதக் குழந்தைகள் தினத்தன்று காரைக்குடியில் ஒரு கூட்டம். என்னைப் பேசச் சொல்கிறார் எங்கள் குழந்தை டாக்டர். ஆஸ்பத்திரி நர்ஸுகள், கிராம செவிலியர்கள் எல்லாரும் வருவார்களாம். என் மாமியார் கூடவே கூடாது என்கிறார். கண் படும், பெண் பிள்ளை, நாளைக்கு ஓர் இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டாமா என்கிறார். எனக்கும் தயக்கம்தான். நான் அழுவேன், நாலு பேர் உச்சுக் கொட்டுவார்கள். அதனால் என்ன ஆகப்போகிறது?

*

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 47-ஆம் நாளுக்கும் 52-ஆம் நாளுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஐந்து நாளை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. அந்த சிஸ்டர் அன்று லீவில் இருந்திருந்தால்? பேசுங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் வளர்ந்து முடிகின்றன. முன்னாலேயே பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்த வளர்ச்சி தாறுமாறாகப் போகலாம். முற்றவிட்டால் விழித்திரை பிரிந்து பார்வையே போய்விடும். வெளியே பார்த்தால் கண் நன்றாகத்தான் இருக்கும். அதனால் 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடக்க வேண்டும் என்பது நம் நாட்டில் மருத்துவர்கள் வைத்திருக்கும் விதி. 1200 கிராமுக்கும் கீழே என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். உங்கள் பெண் 1180 கிராம்.

1996-இல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1250 கிராம். அவர்களிடமும் இந்தப் பரிசோதனையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பார்வை போய்விட்டது. அந்தத் தகப்பனார் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 ஜூலையில் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. குழந்தைக்கு அப்போது 18 வயது. அந்தத் தகப்பனார் கையில் என்ன இருந்தது? எத்தனை வாரம், எத்தனை கிராம், எந்தெந்தத் தேதியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனோம், அன்று என்ன சொன்னார்கள், எதைச் சொல்லவில்லை. நீங்கள் எனக்கு எழுதியிருப்பதும் அதே விவரங்கள்தான். உங்கள் கதை நல்லபடியாக முடிந்தது, அவருடையது முடியவில்லை.

இன்னொரு தாயையும் சொல்ல வேண்டும். ஜில் லாசன், அமெரிக்கர். 1985-இல் அவருடைய குறைமாத மகனுக்கு இதயத்துக்குப் பக்கத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள். உடம்பு அசையாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள், வலி தெரியாமல் இருக்க எதுவும் கொடுக்கவில்லை. அவ்வளவு சின்ன உயிருக்கு வலி தெரியாது என்று அன்றைக்குப் பல மருத்துவர்கள் நம்பினார்கள். குழந்தை சில வாரங்களில் இறந்துபோனது. நடந்தது அவருக்கே பிறகுதான் தெரிந்தது. கடிதம் கடிதமாக எழுதினார். 1986-இல் அது பத்திரிகைக்கு வந்தது. இந்தியாவிலிருந்து போன கன்வல்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவர் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த ஆய்வும் அடுத்த வருஷமே வெளிவந்து, வலிமருந்து கொடுத்த குழந்தைகள் நன்றாகத் தேறியதைக் காட்டியது. பச்சைக் குழந்தைக்கும் மயக்கமருந்து கொடுத்தாக வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1987-இல் அறிவித்தது. ஆய்வு தனியாக அதைச் செய்திருக்குமா? எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தாய் வாயை மூடியிருந்தால் இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. பெங்களூரில், சென்னையில், சிங்கப்பூரில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்கு வருகிறோம். முதல் டாக்டருக்கு இரண்டாவது டாக்டரைத் தெரியாது. பெட்டியில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆயிற்று என்று தெரியாது. மதுரையில் லேசர் செய்தவருக்கு, ஏன் இவ்வளவு தாமதம் என்று தெரியாது. இந்த வழி முழுக்க நடந்தவர் நீங்கள் ஒருவர்தான். எந்த இடத்தில் பள்ளம் என்று உங்களைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது?

என் மகன் 32 வாரத்தில் பிறந்தவன். அவனைப் பற்றி முதல்முறை ஒரு கூட்டத்தில் பேசியபோது எல்லாவற்றையும் கொட்டினேன். எல்லாரும் அழுதார்கள், கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் முறை ஒன்றே ஒன்றைத்தான் சொன்னேன். சிசேரியன் தையலோடு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன், உட்கார ஒரு நாற்காலி இல்லை, கால் வலி தாங்காமல் பத்து நிமிஷத்தில் திரும்பிவிடுவேன், அதனால் பாலும் குறைந்துபோயிற்று என்றேன். சில வாரம் கழித்து அங்கே மூன்று பிளாஸ்டிக் நாற்காலி வந்திருந்தது. போய்ப் பார்த்தேன். ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து, குழந்தையை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள். தாயின் தோலோடு தோலாக வைத்திருந்தால் எடை குறைந்த குழந்தைகள் பிழைப்பது கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது எனக்கு அப்போது தெரியாது. அந்தக் குழந்தை தூங்கிய தூக்கம் மட்டும் தெரிந்தது.

நீங்களும் அந்த ஐந்து நாளை மட்டும் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கண் பரிசோதனைக்கு எந்தத் தேதியில், எங்கே போக வேண்டும் என்று இந்தத் தாளில் ஒரு வரி இருந்திருந்தால் போதும் என்று காட்டுங்கள். வீட்டுக்கு வரும் கிராம செவிலியரிடம், எடை குறைந்த குழந்தை என்றால் கண் பார்த்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி பெயரைச் சொல்ல வேண்டாம். அங்கே ராத்திரி முழுக்கக் கண் விழித்து உங்கள் பெண்ணைக் காப்பாற்றியவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் காது திறந்திருக்க வேண்டும். குழந்தையின் பெயரும் போட்டோவும்கூட வேண்டாம். பெரியவளான பிறகு சொல்வதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும். மாமியாரின் பயத்தில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். என் அப்பத்தாவும் பேசாதே என்றுதான் சொன்னார். எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று வாய் ஓயாமல் சொல்வார். என் மகனைப் பெட்டியில் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி, வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு, அப்பாவுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் இருந்தன என்றார். பஞ்சில் பொதிந்து, பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டுப் பார்த்தாராம். ஒன்று ஆறு நாள், இன்னொன்று பதினோரு நாள். அறுபது வருஷம் அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது. நாள் கணக்கு மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை. உங்கள் மாமியாருக்குள் என்ன இருக்கிறதோ, கேளுங்கள்.

அழுகை வந்தால் அழுங்கள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள்.

17-ஆம் தேதி நான் காரைக்குடியில்தான் இருப்பேன். முன்வரிசையில் உட்காருகிறேன். மாமியார் வருவதாக இருந்தால் என் பக்கத்தில் அவருக்கும் ஓர் இடம் பிடித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா