ஓசிடிக்கு ஆன்லைன் தெரபி உதவுமா? என் வீட்டுக் குழாயடியில் நடந்தது

கேள்வி: ஓசிடியும் பதற்றமும் இருப்பவர்களுக்கு ஆன்லைன் தெரபி உண்மையிலேயே பலன் தருமா? நேரில் போனால்தான் சரியாகுமா?

எனக்குப் பலன் தந்தது. (ஓசிடி என்பது வேண்டாத பயம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனநோய்.) இதைக் கேட்கிற நீங்கள் அநேகமாக வெளிநாட்டில் இருப்பீர்கள், பக்கத்தில் தமிழ் தெரிந்த சைக்காலஜிஸ்ட் யாரும் இருக்க மாட்டார்கள், வீட்டிலும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். நான் டாக்டர் இல்லை, எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். "கை கழுவுறதெல்லாம் ஒரு நோயா?" என்று பின்னூட்டம் போட வருகிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டுப் போடுங்கள்.

சொந்த ஊர் மன்னார்குடி. கணவரின் வேலைக்காக 2018-இல் தென்னாப்பிரிக்கா வந்தோம். டர்பனுக்கு வடக்கே டொங்காட், சுற்றிலும் கரும்புக்காடு. கை கழுவும் பழக்கம் காலேஜ் நாளிலிருந்தே உண்டு. "எம் பொண்ணு மாதிரி சுத்தம் யாருக்கு வரும்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்வாள். 2020-இல் கொரோனா வந்தது, இருபது விநாடி கழுவச் சொன்னார்கள். எனக்கு அது இருபது நிமிடம் ஆனது. பால் பாக்கெட், கணவரின் செருப்பு, வாசல் கேட்டின் கொக்கி எல்லாவற்றிலும் ஏதோ ஒட்டியிருக்கிறது, அது என் கை வழியாகப் பிள்ளைக்குப் போய்விடும் என்று நெஞ்சை அடைக்கும். கழுவினால் ஐந்து நிமிடம் அடங்கும், அப்புறம் மறுபடி வரும். அது அர்த்தமில்லாத பயம் என்று எனக்கே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாது. சுத்தம் பிடித்துப்போய்க் கழுவுவது வேறு, இது வேறு.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையை டர்பனில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் ஊர்க் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் வெள்ளத்தில் வீணாகிப்போய், மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. டேங்கர் வரும், வரிசையில் நிற்க வேண்டும். கைப்பிள்ளையோடு நான் நிற்க வேண்டாம் என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி தன் பங்கில் ஒரு இருபது லிட்டர் கேனைத் தூக்கிவந்து எங்கள் வாசலில் வைப்பார். அவருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். ஒருநாள் மத்தியானம் அந்தக் கேன் முழுவதையும் என் கைக்கே ஊற்றித் தீர்த்துவிட்டேன். சாயங்காலம் பிள்ளைக்குக் கஞ்சி வைக்கத் தண்ணீர் இல்லை. கணவர் ஒன்றும் பேசவில்லை. காலிக் கேனை எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று ராத்திரிதான் போனில் தேட ஆரம்பித்தேன்.

இடையில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்த ஆன்ட்டிக்குத் தமிழ் பேச வராது. 1860-லிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்களின் கொள்ளுப்பேத்தி. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவார். நம் ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் வாட்ஸ்அப் குழுவில் "இவங்கள்லாம் என்ன தமிழங்க" என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். தமிழ் பேசும் எங்கள் குழுவிலிருந்து ஒருவர்கூட அந்த மாதங்களில் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, தெரபிக்கு வருகிறேன். முதலில் சேர்ந்தது ஒரு செயலியில், பெயர் வேண்டாம். எந்நேரமும் மெசேஜ் அனுப்பலாம் என்றார்கள். "கொக்கியைத் தொட்டுட்டேன், பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?" என்று ஒரு நாளைக்குப் பத்துமுறை கேட்பேன். "ஒன்றும் ஆகாது, மூச்சை இழுத்து விடுங்கள்" என்று பத்துமுறையும் பதில் வரும். ஒரே மாதத்தில் இன்னும் மோசமானேன். ஆறுதல் கேட்டுக்கொண்டே இருப்பதும் கை கழுவுவது மாதிரிதான், நோய்க்குப் போடும் தீனி என்பது பின்னால்தான் புரிந்தது. டர்பனில் ஒருவரை நேரிலும் பார்த்தேன். நல்லவர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எச்சில் என்றால் என்ன, தீட்டு என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் விளக்குவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

ஜூன் மாதம் கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் கிடைத்தார். புதன்கிழமை அங்கே இரவு ஏழு மணி, இங்கே மூன்றரை. ஒரு அமர்வுக்கு 1,500 ரூபாய். டர்பனில் கொடுத்தது அதற்கு மூன்று மடங்குக்கு மேல். முதல் நாளே, ஓசிடி எவ்வளவு தீவிரம் என்று பார்க்கும் யேல்-பிரவுன் அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கேட்டார். 40-க்கு 28 வந்தது. 24-க்கு மேல் போனாலே தீவிரம்தான் என்றார். சிகிச்சைக்கு ஈ.ஆர்.பி. என்று பெயர். பயப்படுகிற பொருளை வேண்டுமென்றே தொட வேண்டும், தொட்டபின் கழுவாமல் அந்தப் பதற்றத்தோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற சைக்காலஜிஸ்ட் இதற்கு வழிகாட்டினாராம். நோயாளியின் அறைக் குழாயில் தண்ணீரையே நிறுத்திவைத்தார்களாம். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "எங்க ஊர்லயும்தான் மேடம் தண்ணியை நிறுத்திட்டாங்க, எனக்கு ஏன் சரியாகலை?" என்றேன். "அங்க அவங்க சம்மதிச்சாங்க, பக்கத்துல ஆளும் இருந்தாங்க. நீங்க தனியா இருந்தீங்க" என்றார்.

மூன்றாவது வாரம் போனைக் குழாயடிக்குக் கொண்டுபோகச் சொன்னார். டெட்டால் பாட்டில்மேல் சாய்த்துவைத்தேன். என் வாளி, என் சோப்பு, பிள்ளையின் துண்டு எல்லாம் அவருக்குத் தெரிந்தன. கேட்டின் கொக்கியைத் தொட்டுவிட்டு வந்து நின்றேன். பதற்றம் நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டார், தொண்ணூறு என்றேன். விரல் இடுக்கில் வெடித்த தோல் எரிந்தது, கை நடுங்கியது. அவர் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. "இப்ப எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் கழித்து முப்பத்தைந்து. கழுவாமல் அந்தப் பயம் இறங்கியதை வாழ்க்கையில் முதல்தடவையாகப் பார்த்தேன். டர்பன் கிளினிக்கில் அவர்களுடைய கதவைத்தான் தொட்டேன். என் பயம் அந்தக் கதவில் இல்லை, என் வீட்டுக் கொக்கியில் இருந்தது.

கணவரையும் ஒருநாள் பேச வைத்தார். நான் "ஒண்ணும் ஆகாதுல்லங்க?" என்று கேட்டால், "இதுக்கு நான் பதில் சொல்லக் கூடாதும்மா" என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல்நாள் அவர் அப்படிச் சொன்னபோது தட்டைத் தூக்கி எறிந்தேன். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

எட்டாவது வாரம் ஆடி மாதம். இங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை விடாமல் செய்கிறார்கள். ஆன்ட்டியோடு கோயிலுக்குப் போய், எல்லோரையும்போல ஒருமுறை கை கழுவிவிட்டு, கூழ் ஊற்றிக் கொடுத்து, அதே கையால் நானும் வாங்கிக் குடிப்பதுதான் அந்த வாரப் பாடம். குடித்தேன். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இன்னொரு கப்பும் குடித்தேன். (சாமிக்கு விரோதமாக எழுதுகிறேன் என்று யாரும் வராதீர்கள், பயத்தையும் பக்தியையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.)

மாத்திரையும் எடுத்தேன். கோயம்புத்தூர் மேடம் சைக்காலஜிஸ்ட், மருந்து எழுத முடியாது, இங்கே உள்ள டாக்டரிடம் போனேன். ஓசிடிக்கு அந்த மருந்து வேலை செய்ய எட்டு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம் என்று அவர் முன்பே சொல்லிவிட்டதால் பாதியில் நிறுத்தவில்லை. 2023-இல் லோட் ஷெடிங் என்று முறைவைத்துச் செய்த மின்வெட்டில் இரண்டு இரண்டு மணி நேரம் கரண்ட் போகும், டவரும் சேர்ந்து படுத்துவிடும். பல அமர்வுகள் நடுவில் அறுந்தன. அது பெரிய குறைதான்.

ஆள் தேடும்போது இந்தியா என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா, தென்னாப்பிரிக்கா என்றால் எச்.பி.சி.எஸ்.ஏ. (அங்குள்ள மருத்துவத் தொழில் கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். "ஈ.ஆர்.பி. செய்வீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். சாகலாம் என்று தோன்றினாலோ, சாப்பாடே இறங்காத நிலை வந்தாலோ ஆன்லைனை நம்பி உட்காராதீர்கள், அன்றைக்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போன தடவை அந்தப் பத்துக் கேள்விகளுக்கு 11 வந்தது. கொக்கியைத் தொட்டால் இப்போதும் ஒரு கணம் கை தயங்கும். பீஸ், நேரம், என்ன கேட்பார்கள் என்று எதை வேண்டுமானாலும் கீழே கேளுங்கள், எழுதுகிறேன். "எனக்குச் சரியாகிடுமா?" என்று மட்டும் இரண்டாவது முறை கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.