ஐதர் வந்தால் ஆர் வரும்: ஜோடிச் சொற்கள் பற்றிய கேள்வி பதில்

கோரிலேட்டிவ் கன்ஜங்ஷன் பற்றிக் கேளுங்கள், ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பதில் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். 'போத்... அண்ட்', 'ஐதர்... ஆர்', 'நைதர்... நார்', 'நாட் ஒன்லி... பட் ஆல்சோ' என்று இரண்டு இரண்டாக வந்து வாக்கியத்தில் இரண்டு விஷயங்களைக் கோக்கிற சொற்கள்தான் இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, ஜோடிகளை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் வாக்கியத்தில் எந்த இடத்தில் வைப்பது என்றுதான் ஒவ்வொரு முறையும் குழம்புகிறது.

பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், தமிழைப் பாருங்கள். 'டீயும் காபியும் குடிப்பேன்', 'டீயோ காபியோ கொடுங்கள்'. நம்மிடமும் ஜோடிதான், 'டீயும் காபி குடிப்பேன்' என்று யாரும் சொல்வதில்லை. 'உம்' என்பதற்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது, அதில் ஒன்று இப்படி எண்ணிச் சேர்க்கிற எண்ணும்மை. ஒரே ஒரு வித்தியாசம்: நம்முடைய 'உம்' சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும், அதனால் வழி தவறவே தவறாது. இங்கிலீஷில் அதே வேலையைச் செய்யும் சொல் ஒட்டாமல் முன்னால் தனியாக நிற்கிறது, தனியாக நிற்பதால் நாம் அதை எங்கே வேண்டுமானாலும் போட்டுவிடுகிறோம். நான் திருத்துகிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றுதான்.

'அவர் மதுரைக்கு மட்டுமல்ல, தேனிக்கும் போனார்' என்பதை இப்படி எழுதுவார்கள்: 'ஹீ நாட் ஒன்லி வென்ட் டு மதுரை பட் ஆல்சோ டு தேனி'. 'நாட் ஒன்லி'க்கு அடுத்து என்ன இருக்கிறது? 'வென்ட்', ஒரு வினை. 'பட் ஆல்சோ'வுக்கு அடுத்து? 'டு தேனி', ஓர் இடம். வினைக்கும் இடத்துக்கும் ஜோடி சேராது. 'நாட் ஒன்லி'யை ஒரு சொல் தள்ளிவிட்டால் முடிந்தது: 'ஹீ வென்ட் நாட் ஒன்லி டு மதுரை பட் ஆல்சோ டு தேனி'. சந்தேகம் வந்தால் ஜோடியின் இரண்டு சொற்களுக்கும் அடுத்து வருவதை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள், இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: ஆனால் இங்கிலீஷ்காரர்களே பேசும்போது அப்படிச் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். பேச்சில் யாரும் நிறுத்தி வைத்துக் கேட்கப் போவதில்லை. எழுத்தில் கண்ணில் படும், தேர்வில் மதிப்பெண் போகும்.

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன் அக்கா. 'நைதர் த டீச்சர் நார் த ஸ்டூடன்ட்ஸ்' என்று வந்தால் அடுத்து 'வாஸ்' போடுவதா 'வேர்' போடுவதா?

'வேர்'. வினைக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களைப் பார்க்க வேண்டும், இங்கே 'ஸ்டூடன்ட்ஸ்', பன்மை. வரிசையை மாற்றி 'நைதர் த ஸ்டூடன்ட்ஸ் நார் த டீச்சர்' என்று கொடுத்திருந்தால் 'வாஸ்'. அது இலக்கணப்படி சரிதான் என்றாலும் காதுக்கு இடறும், ஆகவே நீங்களே எழுதும்போது பன்மையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். 'ஐதர்... ஆர்', 'நாட் ஒன்லி... பட் ஆல்சோ' இரண்டுக்கும் இதே கணக்கு. 'போத்... அண்ட்' வந்து எழுவாய்களைச் சேர்த்தால் யோசிக்கவே வேண்டாம், பன்மை.

தேர்வில் இவற்றோடு 'ஆஸ் வெல் ஆஸ்' என்பதையும் கலந்து வைப்பார்கள், அங்கேதான் பலர் விழுகிறார்கள். அது ஜோடி இல்லை, அதற்கு முதலில் நிற்பவரைத்தான் பார்க்க வேண்டும்: 'த டீச்சர் ஆஸ் வெல் ஆஸ் த ஸ்டூடன்ட்ஸ் வாஸ் ப்ரெசென்ட்'. அப்புறம் 'போத்' போட்டுவிட்டு அதற்கு ஜோடியாக 'ஆஸ் வெல் ஆஸ்' போடுவதும் தவறு, 'போத்'துக்கு 'அண்ட்' மட்டும்தான்.

கேள்வி: 'நோ சூனர்' வந்தால் 'தேன்', 'ஹார்ட்லி' வந்தால் 'வென்'. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதானே, ஏன் இப்படி? எனக்கு எப்போதும் மாறிப்போகிறது.

'சூனர்' என்ற சொல்லை மட்டும் பாருங்கள். 'டாலர் தேன்', 'பிக்கர் தேன்' என்கிறோம் இல்லையா (உயரத்தைச் சொல்கிறேன், அமெரிக்கப் பணத்தை இல்லை), அதே ஒப்பீட்டு 'அர்' இதிலும் இருக்கிறது, ஒப்பீடு வந்தால் 'தேன்' வந்துதான் ஆகவேண்டும். 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' இரண்டிலும் ஒப்பீடே கிடையாது, 'அப்போதுதான் நடந்தது' என்ற பொருள், ஆகவே 'வென்'. காரணம் தெரிந்துவிட்டால் இது மாறாது.

இந்த மூன்றும் வாக்கியத்தின் முதலில் வந்தால் கேள்வி கேட்பதுபோல் வரிசை புரளும் என்பதையும் சேர்த்தே பழகுங்கள்: 'நோ சூனர் ஹாட் ஹீ சாட் டவுன் தேன் த பவர் வென்ட் ஆஃப்'. அவன் உட்கார்ந்ததும் கரண்ட் போய்விட்டது. 'ஹாட்' இல்லாமல் 'டிட்' போட்டால் 'சாட்' என்பது 'சிட்' ஆகிவிடும்.

'நாட் ஒன்லி'யும் முதலில் வந்தால் இப்படித்தான், 'நாட் ஒன்லி டிட் ஹீ கம் லேட், பட் ஹீ ஆல்சோ ஃபர்காட் த கீ'. ஆனால் அது ஆளை மட்டும் சுட்டினால் புரளாது: 'நாட் ஒன்லி ரவி பட் ஆல்சோ மணி கேம்'. இதைக் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் புரட்டுவதைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் எல்லாவற்றையும் புரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: அலுவலக மெயிலில் 'ஐ டோன்ட் ஹேவ் நைதர் த பில் நார் த ரிசீப்ட்' என்று எழுதினேன், மேலதிகாரி வட்டம் போட்டு அனுப்பிவிட்டார். என்ன தப்பு என்று சொல்லவில்லை.

நாம் 'பில்லும் இல்லை, ரசீதும் இல்லை' என்று தாராளமாக இரண்டு முறை இல்லை சொல்வோம். அந்தப் பழக்கத்தில் வந்தது இது. 'நைதர்' என்பதிலேயே இல்லை அடங்கிவிட்டது, மேலே இன்னொரு 'டோன்ட்' தேவையில்லை. 'ஐ ஹேவ் நைதர்... நார்' என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் 'ஐ டோன்ட் ஹேவ் ஐதர்... ஆர்'. மெயிலுக்கு இரண்டாவதுதான் இயல்பாக இருக்கும்.

கேள்வி: 'ஆல்தோ' போட்டால் பின்னால் 'பட்' வரலாமா?

கூடாது. 'மழை பெய்தாலும்' என்று சொல்லிவிட்டு 'ஆனால்' போட மாட்டோம் அல்லவா, அதேதான். பழைய இலக்கணப் புத்தகங்கள் 'தோ... யெட்' என்று ஒரு ஜோடி தரும், அது தவறில்லை, தேர்வில் வந்தால் டிக் அடிக்கலாம். மற்றபடி இன்றைய எழுத்தில் ஒரு கமா போதும்.

கேள்வி: 'வெதர்' வந்தால் 'ஆர் நாட்' கட்டாயமா?

இது நல்ல கேள்வி. தமிழில் 'அவன் வருவானா என்று தெரியவில்லை' என்பது ஒன்று, 'அவன் வந்தாலும் வராவிட்டாலும் ஆரம்பித்துவிடுவோம்' என்பது வேறொன்று. நாம் இரண்டு விதமாகச் சொல்வதை இங்கிலீஷ் ஒரே 'வெதர்' வைத்துச் சமாளிக்கிறது. முதல் பொருளில் 'ஆர் நாட்' தேவையில்லை, 'ஐ டோன்ட் நோ வெதர் ஹீ வில் கம்' என்று நிறுத்திவிடலாம். இரண்டாவது பொருளில் அதை விட்டால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும், 'வெதர் ஆர் நாட் ஹீ கம்ஸ், வீ வில் ஸ்டார்ட்'.

கேள்வி: 'ஐதர்' என்பதா 'ஈதர்' என்பதா? மூன்று பேர் இருந்தால் 'போத்' போடலாமா?

இரண்டு உச்சரிப்பும் சரி. 'போத்' இரண்டுக்கு மட்டும், மூன்றுக்குக் கூடாது. 'நைதர் ஏ நார் பி நார் சி' என்று நீட்டுவது வழக்கத்தில் உண்டு.

கேள்வி: கடைசியாக என் வாக்கியத்தைப் பாருங்கள் அக்கா: 'ஐ வான்ட் ஐதர் டு ஸ்டடி லா ஆர் மெடிசின்'.

'ஐதர்'க்கு அடுத்து 'டு ஸ்டடி', 'ஆர்'க்கு அடுத்து 'மெடிசின்'. பார்த்ததும் தெரிகிறதா? 'ஐ வான்ட் டு ஸ்டடி ஐதர் லா ஆர் மெடிசின்'. அது இருக்கட்டும் தம்பி, விண்ணப்பம் போட இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?