கொர்ரு கொர்ருன்னு மூச்சு விடும் கோழி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தோட்டத்துச் சாளையில 8 நாட்டுக்கோழி இருக்குதுங்க. அதுல ஒரு பொட்டைக்கோழி நாலு நாளா ராத்திரியில கொர்ரு கொர்ருன்னு மூச்சு விடுது. மூக்குல தண்ணி ஒழுகுது, ஒரு கண்ணுல நுரை கட்டுது. இரை எடுக்குது, ஆனா முட்டை நின்னுபோச்சு. பனிக்கு ஆகாதுன்னு கூண்டைச் சுத்திச் சாக்குப் போட்டு மூடியிருக்கோம். மிளகு, மஞ்சள் போட்ட நல்லெண்ணெயைத் தொண்டையில ஊத்துறோம். சரிதானுங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: எண்ணெய் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். கோழியின் நாக்கு முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், நடுவிலேயே மூச்சுக்குழல் திறந்திருக்கும். வாயைப் பிளந்து ஊற்றினால் எண்ணெய் நேராக நுரையீரலுக்குப் போகும். சளியில் பிழைக்க வேண்டிய கோழி, வைத்தியத்தில் செத்துப்போவது இப்படித்தான். எந்தத் திரவமானாலும் ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், அதுவே விழுங்கட்டும். துளசி, தூதுவளை கொடுப்பதானால் அரைத்துத் தவிட்டில் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருண்டையாகக் கொடுங்கள். அது துணைக்குத்தான், மருந்துக்குப் பதில் ஆகாது.

அடுத்து அந்தச் சாக்கு. விடிகாலையில் கூண்டைத் திறந்ததும், கோழி நிற்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் கரித்தால் எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா அளவு மீறிவிட்டது. அது மூச்சுக்குழலின் உள்தோலை அரிக்கும், கிருமி எளிதாகத் தங்கும். கீழே, கோழி உட்காரும் உயரம் வரை மட்டும் சாக்கை விட்டு, மேலே கூரையை ஒட்டி ஒரு சாண் இடைவெளி வையுங்கள். ஈரமான கூளத்தை அள்ளிக் கொட்டுங்கள். கோழி உள்ளே இருக்கும்போது ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு தூவாதீர்கள், அமோனியா இன்னும் கிளம்பும். பூஞ்சணம் பிடித்த கடலைத்தொலி, தென்னைநார்த் தூள் வேண்டவே வேண்டாம். பூஞ்சணம் நுரையீரலில் இறங்கினால் எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்காது.

இனி நோய். நுரைத்த கண், இரவில் கொர்ரென்ற சத்தம், இரை எடுப்பது, முட்டை நின்றது எல்லாம் சேர்ந்தால் பெரும்பாலும் மைகோபிளாஸ்மா கிருமியால் வரும் நாள்பட்ட சுவாச நோயாகவே (சி.ஆர்.டி.) இருக்கும். ஆனால் வேறு மூன்றையும் பார்த்துவிடுங்கள். கண்ணுக்குக் கீழே முகம் உப்பி, மூக்குச்சளி நாற்றமடித்தால் அது கொரைசா என்கிற தொற்றுச் சளி. வாய்க்குள் மஞ்சள் படலம் ஒட்டியிருந்தால் அம்மை. பிய்க்காதீர்கள், ரத்தம் கொட்டும். பச்சை, வெள்ளைக் கழிச்சலும் கழுத்து முறுக்கலும் இருந்தால் ராணிகெட் என்கிற வெள்ளைக்கழிச்சல். அதற்கு மருந்தே கிடையாது.

சி.ஆர்.டி. என்று கால்நடை மருத்துவர் உறுதி செய்தால் பெரும்பாலும் டைலோசின் என்கிற ஆன்டிபயாட்டிக் எழுதுவார். வழக்கமான அளவு ஒரு லிட்டர் குடிநீருக்கு அரை கிராம், 3 முதல் 5 நாள். இந்த அரை கிராம் டைலோசினின் எடை. பொடியின் எடை அல்ல. பாக்கெட்டுக்குப் பாக்கெட் வீரியம் மாறும், கடைக்காரர் சொல்லும் ‘ஒரு ஸ்பூனை’ நம்பாதீர்கள். தினமும் காலையில் புதிதாகக் கலக்குங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். வேறு தண்ணீர் எட்டக் கூடாது. வாய்க்காலில் குடித்துவிட்டு வந்த கோழி கசப்பு மருந்தைத் தொடாது. சத்தம் நின்றதும் இரண்டாம் நாளே நிறுத்துவதுதான் பலர் செய்யும் தப்பு.

அதற்குப் பதில் டாக்சிசைக்ளின் என்கிற ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தால், அந்த நாட்களில் கிளிஞ்சல் தூளை எடுத்துவிடுங்கள். சுண்ணாம்புச் சத்து மருந்தைக் கட்டிப்போட்டுவிடும்.

கண்ணைத் துடைக்க, கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் முக்கால் தேக்கரண்டி உப்பு போதும். நோய்க்கோழியைத் தனிப் பஞ்சாரத்தில் தள்ளி வைத்து, மற்றவற்றுக்கு இரை வைத்த பிறகு கடைசியாகக் கவனியுங்கள்.

கேள்வி: சளி தெளிஞ்ச கோழியோட முட்டையை அடை வைக்கலாமுங்களா?
– வாசகர், தாராபுரம்

பதில்: வேண்டாம். மைகோபிளாஸ்மா முட்டை வழியாகக் குஞ்சுக்கு இறங்கும். தேறிய கோழியும் உடம்பில் கிருமியைச் சுமந்துகொண்டே திரியும். மழையோ பனியோ இடமாற்றமோ வந்தால் திரும்பக் கிளப்பும். சந்தையில் வாங்கிய கோழியை முதல் மூன்று வாரம் தனியாக வையுங்கள் என்பது இதனால்தான். சாப்பிடும் முட்டைக்கு, மருந்து உறையில் போட்டிருக்கும் காத்திருப்பு நாட்கள் முடியட்டும். வேகவைத்தாலும் மருந்து மிச்சம் போய்விடும் என்று நம்ப முடியாது.

கேள்வி: வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி எப்போ போடோணும்? கோழி சளியா இருக்கையிலயே போட்டுரலாமா?
– வாசகர், பெருந்துறை

பதில்: குஞ்சு பொரித்த 7-ஆம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடியும் சொட்டு, 8-ஆம் வாரம் இறக்கையின் தோலுக்கடியில் அரை மி.லி. ஊசி. நோயுற்ற கோழிக்கு இந்த உயிர்த் தடுப்பூசி (வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி கொண்டது) போட்டால் சுவாசம் இன்னும் மோசமாகும்; தெளிந்த பிறகு போடுங்கள். மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில் எடுத்துப்போய், கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அரசு கால்நடை மருந்தகங்களில் இலவசமாகவே போடுகிறார்கள். ஒரே நாளில் பல கோழிகள் செத்து, கொண்டை நீலம் பாய்ந்திருந்தால், அறுக்காமல், தொடாமல் உடனே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.