பாராட்டைத் தட்டிவிடாதீர்கள்

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன். காலை லோக்கலைப் பிடித்து ஆபீஸ். திரும்பினால் சமையல், 7 வயது மகளின் வீட்டுப்பாடம். "எப்படித்தான் சமாளிக்கிறியோ!" என்று யாராவது பாராட்டினால், "ஐயோ, வீடு குப்பையா கிடக்கு" என்றுதான் வாயில் வருகிறது. எப்படி மாற்றுவது?

பதில்: உங்களுக்கு அது அடக்கம், பாராட்டியவர் காதில் மறுப்பு. பக்கத்தில் நிற்கும் மகளும் அதையே பழகிக்கொள்வாள் என்பதுதான் எங்கள் பெரிய கவலை.

அடுத்த முறை, "நன்றிக்கா, கேட்கவே சந்தோஷமா இருக்கு" என்று சொல்லி நிறுத்துங்கள். மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். "ஆனா..." என்று நாக்கு இழுப்பது அந்த மூன்று விநாடியில்தான். உடனே அவரைத் திருப்பிப் புகழ்வதும் நழுவல்தான், வேண்டாம். முதலில் கூச்சமாக இருக்கும்; பழக்கமில்லாததால் வருவது அது. இரவில் அவர் சொன்னதை அப்படியே ஒரு வரி எழுதி வையுங்கள்.

வீட்டு வேலைக்கு: அந்த வாரம் செய்யப்போவதில்லை என்று இரண்டை ஞாயிறன்றே முடிவுசெய்யுங்கள். துணி மடிப்பதை விடலாம். சப்பாத்தியை போளி பாஜி (சப்பாத்தி, காய்) கடையில் வாங்கலாம். முன்கூட்டியே தீர்மானித்து விட்ட வேலை, முடியாமல் போன வேலை போல மனசை அரிக்காது.

குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1953-ல் 'போதுமான அளவு நல்ல தாய்' என்று எழுதினார். குழந்தை வளர வளர, அது தாங்கக்கூடிய சின்ன ஏமாற்றங்கள் வளர்ச்சிக்குத் தேவை என்பது அவர் கருத்து.

அழுகையும் தூக்கமின்மையும் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.