சுவரில் தொங்கிய துப்பாக்கி உங்கள் கைக்கு வந்தால்

பழந்துப்பாக்கிகளைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பல, "வயதான நண்பர் ஒருவர்..." என்றே தொடங்குகின்றன. பெற்ற பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை, உடன் உட்கார்ந்து கதை கேட்டவருக்கு இருக்கிறது. பொருள் அந்தப் பக்கமாகக் கைமாறிவிடுகிறது. அப்படி வந்த ஆறு கேள்விகள் இங்கே.

கேள்வி: மறைந்த நண்பர் உயிலில் இரண்டு துப்பாக்கிகளை எனக்கு எழுதிவைத்திருக்கிறார். அவர் வீட்டுக்குப் போய் எடுத்து வந்துவிடலாமா?

எடுக்காதீர்கள். உயில் உரிமையைத் தரும். வைத்திருக்கும் அனுமதியைத் தராது. "பழையது" என்று நாம் சொல்வதும் சட்டம் சொல்வதும் ஒன்றல்ல. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் 1898-லோ அதற்கு முன்போ செய்ததைப் பழம்பொருள் என்கிறது. பிரிட்டனின் 2021 விதிகளின்படி 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்திருந்தால் மட்டும் போதாது, அதன் தோட்டாவோ பற்றவைக்கும் முறையோ அரசின் பட்டியலிலும் இருக்க வேண்டும். வயது எதுவானாலும் பதிவு கேட்கும் நாடுகளும் உண்டு. உயிலை நிறைவேற்றுபவரிடம் சொல்லிவிட்டு, ஆயுத உரிம அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நண்பர் உயிரோடு இருக்கும்போதே இதை முடித்துக்கொள்வது இன்னும் நல்லது. கையெழுத்துப் போட அவரே இருப்பார்.

கேள்வி: குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி. நாற்பது வருடமாகச் சுவரில் தொங்கியது. காலியாகத்தானே இருக்கும்?

இந்த "தானே" என்ற சொல்தான் என்னைப் பயமுறுத்துகிறது. அலங்காரத்துக்கு மாட்டியிருந்த ஒன்றை ஒருமுறை என்னிடம் கொண்டுவந்தார்கள். குழந்தைகள் அதை வைத்து விளையாடியிருக்கிறார்கள். குழலுக்குள் ஒரு மரக்குச்சியை மெதுவாக இறக்கினேன். நிற்க வேண்டிய இடத்துக்கு நான்கு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. உள்ளே அடைப்புத் துணி, அதற்குக் கீழே ஈயக்குண்டு, அதற்கும் கீழே கரிமருந்து. எந்தத் தலைமுறையில் யார் கெட்டித்தார்களோ!

கரிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் ஏறத்தாழ 75, 15, 10 என்ற விகிதத்தில் சேர்ந்த கலவை. உலர்ந்திருந்தால் நூறு வருடம் கழித்தும் அது வெடிக்கும். எனவே முதல் வேலை இந்தச் சோதனைதான். குழலின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, முகத்தையும் உள்ளங்கையையும் அதற்கு நேரே கொண்டுபோகாமல் குச்சியை இறக்குங்கள். வாயருகே குச்சியில் ஒரு கோடு போட்டு வெளியே எடுத்து, அந்தக் கோடு குழலின் வாய்க்கு நேராக வரும்படி குழலின் மேல்புறத்தில் வைத்துப் பாருங்கள். அதன் நுனி, தீ உள்ளே போகும் துளை வரை எட்ட வேண்டும். எட்டவில்லையென்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது குளவிக்கூடாகவும் இருக்கலாம், ஆனாலும் நீங்களே தோண்டாதீர்கள். குதிரையை, அதாவது மருந்தைப் பற்றவைக்க அடிக்கும் சுத்தியலை, தட்டிப் பார்ப்பது, சூடுபடுத்துவது, இரும்புக் கம்பியால் குத்துவது எதுவும் கூடாது. துப்பாக்கியை வெளியே கொண்டுபோகாமல், துப்பாக்கித் தொழில் தெரிந்த ஒருவரை வரவழையுங்கள். "அதை யாரும் சுட்டதே இல்லை" என்று நண்பரே சத்தியம் செய்தாலும் குச்சியை இறக்கத்தான் வேண்டும்.

கேள்வி: குழல் முழுக்கப் பழுப்பேறிக் கிடக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம் என்கிறான் மகன்.

உப்புத்தாளை மகனிடமிருந்து வாங்கி ஒளித்துவையுங்கள். வெள்ளைத் துணியால் குழலைத் துடைத்துப் பாருங்கள். செந்தூளாக ஒட்டினால் துரு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. லேசான எண்ணெய் தடவி ஊறவிட்டு, மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால், கண்ணில் படாத ஓர் ஓரத்தில் முதலில் முயன்று பாருங்கள். துணியில் எதுவும் ஒட்டவில்லையென்றால் அந்தப் பழுப்பு நிறம் காலத்தின் தோல். அதை உரித்தால் திரும்ப வராது, பொருளின் மதிப்பும் அதோடு போய்விடும்.

அதைவிடப் பெரிய இழப்பு எழுத்துகள். குழலின் பின்புறத்தில் சின்னஞ்சிறு முத்திரைகள் இருக்கும். அதிக மருந்திட்டுச் சுட்டுச் சோதித்ததற்கான அடையாளம் அது. பர்மிங்காமில் அதற்கென ஒரு சோதனைச் சாலையே 1813-ல் சட்டப்படி அமைந்தது. எங்கே, எந்தக் காலத்தில் செய்தது என்று சொல்லும் பிறப்புச் சான்றிதழ் அது. பிரிட்டிஷ் சிப்பாய்களே செங்கல் தூள் போட்டுத் தேய்த்தவர்கள்தாம் என்று சிலர் வாதாடுவார்கள். உண்மைதான், அவர்களுக்கு அணிவகுப்பு இருந்தது, உங்களுக்கு இல்லை.

கேள்வி: அதன் பழைய தோல் உறையிலேயே வைத்திருக்கலாமா?

வேண்டாம். தோல் பதனிட்ட அமிலமும் உப்பும் ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். பஞ்சுமெத்தை வைத்த பெட்டியும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். உறையைத் தனியே வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள், ஏற்ற இறக்கமின்றி இருந்தால் மரமும் இரும்பும் பிழைக்கும். வெறும் கையால் தொடாதீர்கள்; வியர்வையின் உப்பு, ரேகையோடு துருவாகப் பதியும். குதிரையை ஏற்றிய நிலையில் விட்டால் உள்ளிருக்கும் வில் தளர்ந்துவிடும், அதனால் காலி என்று உறுதியான பிறகு கையால் பிடித்து மெல்ல இறக்கிவையுங்கள்.

கேள்வி: நண்பரின் நினைவுநாளில் ஒரே ஒருமுறை சுட்டுப் பார்க்கலாமா? குழலில் அழகான அலைக்கோடுகள் உள்ளன.

கூடாது. அந்தக் கோடுகள் இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்து ஒட்டிய குழலின் கோடுகள். ஒட்டு எங்கே உள்ளுக்குள் அரித்திருக்கிறது என்று வெளியே தெரியாது. 1884-ல் பிரான்சில் புகையில்லா மருந்து வந்த பிறகு உண்டான கூடுதல் அழுத்தத்துக்காக அவை செய்யப்பட்டவையும் அல்ல. நினைவுநாளுக்கு ஒரு விளக்கு போதும்.

கேள்வி: "1857-ல் ஓர் அதிகாரியிடம் இருந்தது" என்கிறார் 86 வயது நண்பர். ஆனால் துப்பாக்கியோ பின்பக்கமாகத் திறந்து தோட்டா போடுவது. அவரிடம் எப்படிச் சொல்வது?

சொல்வதற்கு முன் பூட்டுத்தகட்டை, அதாவது குதிரை பொருந்தியிருக்கும் பக்கத்தகட்டைப் பாருங்கள். 1853 மாதிரி என்ஃபீல்டுகள் என்ற பிரிட்டிஷ் படைத் துப்பாக்கிகள் வாய்வழி கெட்டிப்பவை. அவற்றில் பலவற்றின் குழலைப் பின்னால் வெட்டி, திறந்து மூடும் ஸ்னைடர் அமைப்பைப் பொருத்தி 1866 முதல் பிரிட்டிஷ் படைக்குக் கொடுத்தார்கள். ஆகவே தகடு பழையதாகவும் திறப்பு பிந்தியதாகவும் ஒரே துப்பாக்கியில் இருக்க முடியும். நண்பர் பாதி சரியாக இருக்கலாம்.

அவரைப் பேசவிட்டுப் பதிவுசெய்யுங்கள். யாரிடமிருந்து எப்போது வாங்கினார், எந்தத் திருகை மாற்றினார், சோங்கில், அதாவது தோளில் வைக்கும் மரப்பகுதியில், இருக்கும் அந்தக் கீறல் எப்படி வந்தது என்று கேளுங்கள். பிறகு ஒரு நோட்டில் இடப்பக்கம் அவர் சொன்னதை, தவறான ஆண்டையும் திருத்தாமல், அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். வலப்பக்கம் தகட்டில் நீங்கள் படித்ததை எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். முடிந்தால் இடப்பக்கத்தின் அடியில் அவரிடமே ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.